வவுனியாவில் ஓடுபாதை இருக்கிறது, விமானம் எங்கே?

நெடுங்கேணியிலிருந்து ஒரு வாசகர் கேட்டது:
"மகன் கனடாவிலிருந்து வரும்போதெல்லாம் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ராத்திரி முழுக்க ஓட வேண்டியிருக்கிறது. வவுனியாவில் ஓடுபாதை இருக்கிறது, இரணைமடுவில் இன்னொன்று. இரண்டும் விமானப் படையிடம் சும்மா கிடக்கின்றன. ஒன்றைத் திறந்துவிட்டால் வன்னிச் சனத்துக்கு விடிவு. ஏன் ஒருவரும் பேசுவதில்லை?"

2 ஜூன் 2025

பேசுகிறார்கள். தேர்தல் வந்தால் இன்னும் சத்தமாகப் பேசுவார்கள். பேசுபவர்கள் அநேகமாக ஓடுபாதையின் நீளத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் பிரச்சினை.

நான் வவுனியாவில் வான் ஹயர், அதாவது வாடகை வண்டி, ஓடுபவன். கட்டுநாயக்கப் பயணம்தான் என் சோறு. ஆகவே இந்த விஷயத்தில் நான் நடுநிலையானவன் இல்லை என்பதை முதலே சொல்லிவிடுகிறேன்.

முதலில் "சும்மா கிடக்கின்றன" என்பதை எடுப்போம். இரண்டும் இயங்கும் படைத்தளங்கள். வவுனியாவில் இருப்பது சுமார் ஒன்றரைக் கிலோமீற்றர் ஓடுபாதை. விமானப் பயிற்சி, ஆள் ஏற்றிப் போவது, அதிகாரிகளின் வருகை என்று அதற்கு வேலை இருக்கிறது. பயணிகள் விமானம் மட்டும்தான் இல்லை.

அப்புறம், கனடா மகன். வவுனியாவில் நாளைக்கே விமான நிலையம் திறந்தாலும் டொரன்டோ விமானம் அங்கே இறங்காது. அவர் கட்டுநாயக்கவிலோ சென்னையிலோ இறங்கி மாறித்தான் வர வேண்டும். கட்டுநாயக்கவில் இறங்கிய ஒருவர் பெட்டிகளோடு இன்னொரு சிறு விமானத்துக்கு மணிக்கணக்கில் காத்திருப்பாரா, வாசலில் அப்பா கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் வானில் ஏறுவாரா? எனக்குப் பதில் தெரியும். என் பிழைப்பே அந்தப் பதிலில்தான் ஓடுகிறது.

2 ஜூன், பின்னிரவு

ஒருவர் தனியாக எழுதிக் கேட்டிருக்கிறார், "ஹயர் போய்விடும் என்ற பயத்தில் எதிர்க்கிறீர்களா?" என்று. நியாயமான கேள்வி. பயம் இருக்கிறது. ஆனால் நான் எதிர்க்கவில்லை, கணக்குப் பார்க்கிறேன். விமான நிலையம் வந்தால் அதன் வாசலில் முதல் ஆளாக வானை நிறுத்துவேன்.

5 ஜூன்

"வவுனியா ஓடுபாதை யுத்தத்துக்காகக் கட்டியது" என்று ஒருவர் எழுதியிருந்தார். யுத்தத்துக்காகத்தான், ஆனால் அவர் நினைக்கும் யுத்தத்துக்கு அல்ல. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப் படை அமைத்த தளம் அது. 22ஆவது, 217ஆவது அணிகள் போஃபோர்ட் விமானங்களுடன் இங்கே இருந்தன. கடலில் கப்பல் தேடும் வேலை. யப்பானியர் 1942இல் கொழும்பையும் திருகோணமலையையும் குண்டுவீசிய பிறகு இலங்கை முழுக்க இப்படித் தளங்கள் முளைத்தன: சிகிரியா, மின்னேரியா, புத்தளம், பலாலி. வவுனியாவும் அந்தக் கூட்டத்தில் ஒன்று.

யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு மட்டும் போருக்குப் பிறகு நல்ல காலம் வந்தது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதலாவது பயணிகள் சேவை கொழும்புக்குத் தெற்கே இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை என்று அப்போது அழைத்த பலாலியில் இறங்கி, சென்னைக்குப் போனது. டக்கோட்டா விமானம். பிறகு திருச்சிக்கும் ஓடியது. காலையில் யாழ்ப்பாணத்தில் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் திருச்சியில் துணி எடுத்த கதைகளை வயதானவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாதி கதை, பாதி உண்மை.

வவுனியாவுக்கு ஏன் அந்தச் சேவை வரவில்லை? இங்கே ரயில் இருந்தது, ஏ9 வீதி இருந்தது, காடு இருந்தது. விமானத்துக்குக் காசு கொடுக்கும் ஆள் இல்லை. அவ்வளவுதான்.

பின்னாளில் என்ன நடந்தது என்றும் சொல்ல வேண்டும். 1978 செப்டம்பர் 7ஆம் திகதி யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பிய எயார் சிலோன் அவ்ரோ விமானம் இரத்மலானையில் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. அடுத்த வருடம் எயார் சிலோனே இல்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தாருக்கு இரத்மலானை விமானமும் திருகோணமலைக் கப்பலும் இருந்தன, அதுவும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியோடு. வன்னிக்கு அதுவும் இல்லை. எங்களுக்கு வவுனியாவில் பாஸ், அதாவது பயண அனுமதி, எடுப்பதே ஒரு வெளிநாட்டுப் பயணம்.

1998 செப்டம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயார் அன்டனோவ் விமானம் 55 பேரோடு மன்னார்ப் பக்கக் கடலில் மறைந்தது. அதன் சிதைவுகளை 2012இல்தான் இரணைதீவுக் கடலில் கண்டெடுத்தார்கள். எங்கள் வன்னிக் கடல் அது. இந்த வழித்தடத்தின் வரலாற்றை எழுதும்போது டக்கோட்டாவை மட்டும் எழுதிவிட்டு இதை விடக்கூடாது.

6 ஜூன்

இரணைமடு. கிளிநொச்சிக்காரர்கள் கொதித்துவிட்டார்கள், "எங்களை ஏன் விட்டீர்கள்" என்று.

குளத்துக்குக் கிழக்கே அந்த ஓடுபாதையை முதலில் அமைத்தது விடுதலைப் புலிகள். அவர்களுடைய ஸ்லின் 143 சிறு விமானங்கள் 2007 மார்ச் 26ஆம் திகதி நள்ளிரவு கடந்ததும் கட்டுநாயக்க விமானப் படைத் தளத்தில் குண்டு போட்டன. அடுத்த வருடம் 2008 செப்டம்பர் 9 விடியப்புறம் வவுனியாத் தளத்தின்மேல் தரையாலும் வானாலும் தாக்குதல். அங்கிருந்த ராடாரில் வேலை செய்த இந்தியத் தொழில்நுட்பவியலாளர் இருவர் அன்று காயப்பட்டார்கள். நகரத்தில் இருந்த நாங்கள் அந்த இரவு கட்டிலுக்குக் கீழேதான். 2009 ஜனவரியில் இரணைமடு ஓடுபாதை இராணுவத்தின் கையில் விழுந்தது. 2013இல் விமானப் படை அங்கே புதிய ஓடுபாதையைத் திறந்தது.

ஆக, வன்னியில் இருக்கும் இரண்டு ஓடுபாதைகளில் ஒன்று பிரித்தானியர் போட்டது, மற்றது புலிகள் தொடங்கியது. இரண்டிலும் பயணிகள் இருக்கை என்ற எண்ணமே யாருக்கும் இருந்ததில்லை.

கிளிநொச்சிக்காரருக்கு ஒரு கேள்வி. உங்கள் நகரத்திலிருந்து பலாலி 70 கிலோமீற்றர் அளவு. கட்டுநாயக்க 300க்கு மேல். இதில் இரணைமடுவையும் திறந்து என்ன செய்யப் போகிறீர்கள்? பலாலியிலிருந்து ஏறிய விமானம் உயரம் எடுப்பதற்குள் உங்கள் குளம் வந்துவிடும்.

9 ஜூன்

ஒருவர், "வன்னிச் சனத்துக்கு விமானம் என்றால் ஆசை" என்று எழுதியிருக்கிறார். எல்லோருக்கும் அல்ல. குண்டுபோட வரும் கிபிர், சகடை, வேவு பார்க்க வரும் வண்டு என்று விமானத்தின் சத்தத்திலேயே பெயர் சொல்லிப் பதுங்கு குழிக்கு ஓடிய தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. என் அம்மா சென்னைக்குப் போனபோது விமானம் உயரும் மட்டும் கண்ணைத் திறக்கவில்லை. உயர்ந்த பிறகு திறந்து, "இவ்வளவு மெதுவாகவா போகிறது?" என்றார்.

11 ஜூன்

இனிக் கொஞ்சம் தொழில்நுட்பம். பிடிக்காதவர்கள் தாண்டிப் போங்கள்.

"ஏ.டி.ஆர். 72 என்ற எழுபது இருக்கை விமானம் மேலெழ 1,400 மீற்றர் போதும், வவுனியாவில் அதைவிடக் கூட இருக்கிறது" என்று ஒருவர் புள்ளிவிபரம் போட்டிருக்கிறார். அந்த எண் தொழிற்சாலைக்காரன் சொல்வது. கடல்மட்டம், 15 பாகை வெப்பம், காற்றில்லாத நாள். வவுனியாவில் எந்த நாள் 15 பாகை இருந்தது? மத்தியானம் 35 பாகையில் காற்று மெலிந்துவிடும். இறக்கை தூக்கும் பலம் குறையும், இயந்திரத்தின் இழுவையும் குறையும். அப்போது ஒன்றில் நீண்ட ஓடுபாதை வேண்டும், அல்லது பாரம் குறைக்க வேண்டும். பாரம் குறைப்பது என்றால் யாருடைய பெட்டி கீழே நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஓடுபாதை மட்டும் இருந்தால் போதாது. இரு பக்கமும் தடையில்லாத நிலம் வேண்டும், முனையில் பாதுகாப்பு வெளி வேண்டும். அந்த அளவு விமானத்துக்குச் சர்வதேச விதிப்படி ஐந்தாம் தரத் தீயணைப்பு வேண்டும், அழைத்தால் மூன்று நிமிடத்துக்குள் ஓடுபாதையின் எந்த மூலைக்கும் தண்ணீர் அடிக்கக் கூடியதாக. எரிபொருள், வானிலை அவதானிப்பு, கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஆட்கள். இந்தியாவுக்கு என்றால் குடிவரவு, சுங்கம், தொற்றுத்தடுப்பு. இத்தனை பேரும் காலையில் வந்து குந்தியிருக்க, நாளுக்கு ஒரு விமானம் வரும். அல்லது வராது.

வேலியையும் மறக்காதீர்கள். மாடு, கட்டாக்காலி நாய், மயில். வன்னியில் மாட்டை வீதியிலேயே மறிக்க முடியவில்லை. இரவில் ஓமந்தைக்கும் புளியங்குளத்துக்கும் இடையில் ஓடியவர்களுக்குத் தெரியும், தார் வீதி சூடாக இருக்கிறதென்று அவை அங்கேதான் படுக்கும்.

மன்னாரில் விமான நிலையம் வைத்தால் என்ன என்று கேட்ட நண்பருக்கு: அங்கே வங்காலைப் பறவைகள் சரணாலயம், பூநாரைகள் ஆயிரக்கணக்கில் இறங்கும் இடம். தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலைகள் வேறு, 30 கோபுரம். விமானிக்கு இரண்டும் பிடிக்காது.

14 ஜூன்

மட்டக்களப்பைப் பாருங்கள். அதுவும் எங்கள் நிலைமைதான்: விமானப் படைத் தளம், குறுகிய ஓடுபாதை, தமிழ்ச் சனம், கொழும்புக்கு நீண்ட தூரம். செலவழித்துத் திருத்தி 2018இல் சிவில் விமான நிலையமாக்கினார்கள். படம் எடுத்தார்கள், நாடா வெட்டினார்கள். ஆனால் இரத்மலானைக்குத் தினமும் ஆள் ஏறி இறங்கும் சேவையாக அது ஊன்றவில்லை. மட்டக்களப்பார் இன்னமும் இரவு பஸ்ஸிலும் ரயிலிலும்தான் கொழும்பு போகிறார்கள். தெற்கே மத்தள விமான நிலையம் இன்னும் பெரிய பாடம்: 3,500 மீற்றர் ஓடுபாதை, 2013இல் திறப்பு, ஆனால் விமானங்கள் வரிசையில் நிற்கவில்லை. கட்டினால் வருவார்கள் என்பது கோயிலுக்குச் சரி.

வவுனியா–இரத்மலானை என்று யோசித்தாலும் கணக்கு உதைக்கிறது. உள்ளூர்ச் சேவைக்குப் பெரும்பாலும் வருவது செஸ்னா கரவான் மாதிரிப் பன்னிரண்டு பேர் அளவில் ஏற்றும் ஒற்றை இயந்திர விமானம். பன்னிரண்டு பேரிடம் விமானி, எரிபொருள், தரிப்புக் கட்டணம் எல்லாவற்றையும் பங்கிட்டால் ஒரு இருக்கைக்கு என்ன விழும்? அதைக் கொடுத்து இரத்மலானையில் இறங்கினால் காலி வீதி நெரிசல் காத்திருக்கும். கட்டுநாயக்கவுக்குப் போக வேண்டியவர் கொழும்பின் மறு கரையில் இறங்கி நிற்பார். யாழ்தேவி ரயிலில் ஏறியவர் கொழும்புக் கோட்டையில் இறங்கி வடை சாப்பிட்டு முடித்திருப்பார்.

15 ஜூன்

நேற்று எழுதியது கொஞ்சம் கடுமை என்று எனக்கே படுகிறது. ஒரு விஷயத்தில் மனம் மாறிவிட்டது: நோயாளர்.

முல்லைத்தீவிலோ மல்லாவியிலோ ஒருவருக்குத் தலையில் அடிபட்டால் அம்புலன்ஸ் முதலில் வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஓடும், அங்கிருந்து சில வேளை கொழும்புக்கு. அப்படி ஓடியவர்களின் பின்னால் சொந்தக்காரரை ஏற்றிக்கொண்டு நானும் ஓடியிருக்கிறேன். அந்த ஆறு மணித்தியாலத்தில் என்ன நடக்கும் என்று பின் இருக்கையில் யாரும் பேசுவதில்லை. அதற்கு ஏ.டி.ஆர். தேவையில்லை, கட்டிடம் தேவையில்லை, நாடா வெட்டத் தேவையில்லை. இருக்கிற ஓடுபாதையும் ஒரு சிறிய விமானமும், வைத்தியசாலைப் பணிப்பாளர் தொலைபேசியில் கேட்டவுடன் கிடைக்கும் ஒரு நடைமுறையும் போதும். இப்போது அந்த உதவி ஆளைப் பொறுத்தும் நேரத்தைப் பொறுத்தும் கிடைக்கிறது. அதை எழுதிவைத்த உரிமையாக்குங்கள் என்று கேட்டால் நானும் கையெழுத்து வைப்பேன்.

ஆகவே நெடுங்கேணி ஐயாவுக்கு: ஓடுபாதையைத் திறக்கக் கேளுங்கள், ஆனால் மகனுக்காக அல்ல, அயலவருக்காக.

16 ஜூன்

"பயணிகளும் வரட்டும், நோயாளரும் போகட்டும், ஏன் இரண்டையும் கேட்கக்கூடாது?" — கேட்கலாம். இரண்டையும் கேட்டால் முதலாவதற்குக் குழு அமைப்பார்கள், இரண்டாவது மறந்துபோகும்.

20 ஜூன்

பலாலிக்கு வருவோம், உண்மையில் எங்கள் விமான நிலையம் அதுதானே. 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று திறந்தார்கள். நவம்பர் 11இல் அலையன்ஸ் எயார் சென்னையிலிருந்து வழக்கமான சேவையைத் தொடங்கியது. நாலு மாதத்தில் கொரோனா மூடியது. 2022 டிசம்பர் 12ஆம் திகதி மீண்டும் தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சென்னைக்கு வந்தது, 2025 மார்ச் 30ஆம் திகதி திருச்சிக்கும் பறக்கத் தொடங்கியது. எழுபதுக்கு மேற்பட்ட இருக்கை கொண்ட ஏ.டி.ஆர். விமானங்கள். சென்னை நேர்கோட்டில் 350 கிலோமீற்றர் அளவு, திருச்சி அதில் பாதிதான்.

அம்மா சென்னை போனதை ஏற்கெனவே சொன்னேன், அது கண் வைத்தியத்துக்காக. ஒருமுறை கட்டுநாயக்க வழியாகக் கூட்டிப் போனேன்: மதவாச்சி, அநுராதபுரம், நொச்சியாகம, புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு. சுமார் 230 கிலோமீற்றர். அம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது. அடுத்த முறை பலாலி. வவுனியாவிலிருந்து தூரம் 150 கிலோமீற்றர் அளவு, வழி முழுக்கத் தெரிந்த ஊர்கள். முறிகண்டியில் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கலாம். குடிவரவு மேசையில் அம்மா தமிழில் பதில் சொன்னார், பக்கத்தில் நான் நிற்க வேண்டியிருக்கவில்லை. அவருக்கு அதுதான் பெரிய விஷயம்.

சின்ன நிலையத்தின் வசதி அது: உள்ளே போனால் தொலைய முடியாது. ஒரு மண்டபம், ஒரு வரிசை, கதவுக்கு வெளியே விமானம், நடந்துபோய்ப் படியேறலாம். வசதியீனமும் அங்கேதான். கடை பெரிதாக இல்லை. விமானம் இரத்தானால் அடுத்த விமானம் என்று ஒன்று இல்லை, நாளைக்குத்தான். திரும்பி வரும்போது சென்னையில் பெட்டி நிறை கூடிவிட்டது என்று ஒரு விமானக் கம்பனி அம்மாவின் சேலைகளில் பாதியை வெளியே எடுக்க வைத்தது. அம்மா மூன்று சேலையை ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டு ஏறினார். விதியில் அதற்குத் தடை இல்லையாம்.

என் ஆத்திரம் எல்லாம் வீதியில்தான். விமானம் வரும் நேரத்துக்கு வன்னியிலிருந்து பலாலிக்கு ஒரு பஸ் ஏன் இல்லை? வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் என்று ஆள் ஏற்றி, கைதடியில் கோப்பாய்ப் பக்கம் திரும்பினால் யாழ் நகரத்துக்குள் போகவே தேவையில்லை. இப்போது பஸ்ஸில் போகிறவர் யாழ்ப்பாணம் வரை போய், இறங்கி, பெட்டியைச் சுமந்து, ஓட்டோ பிடித்து, அங்கிருந்து வடக்கே பலாலிக்கு ஓட வேண்டும். ஒரு ஓடுபாதைக்கு ஊற்றும் தாரின் விலையில் இந்த பஸ்ஸை வருடக்கணக்கில் ஓட்டலாம். அதற்கும் என் ஹயர் போகும். போகட்டும்.

21 ஜூன்

"பலாலியே படையினரின் வளவுக்குள்தானே, அதைப் புகழ்கிறீர்களா?" என்று ஒரு காட்டமான கடிதம். புகழவில்லை. அந்த நிலையத்தைச் சுற்றி இன்னும் தங்கள் காணிக்குப் போக முடியாத குடும்பங்கள் இருக்கின்றன. ஓடுபாதையை நீட்டுவோம் என்று ஒவ்வொரு அரசாங்கமும் சொல்லும்போது அந்தச் சனத்தின் வயிறு கலங்குகிறது. நீட்டினால் பெரிய விமானம் வரும், எங்களுக்கு நல்லது. நீட்டுகிற நிலம் யாருடைய தோட்டம் என்பதையும் அதே மூச்சில் கேட்க வேண்டும். வவுனியாவிலும் இதே கேள்வி வரும். பாதுகாப்பு வெளிக்கு நிலம் எடுக்க வந்தால், இப்போது விமான நிலையம் கேட்பவர்களே வழக்குப் போடுவார்கள்.

21 ஜூன், இரவு

ஒரு வேடிக்கை சொல்லட்டுமா. 2025 செப்டம்பரில் யாழ்ப்பாணத்தில் கந்தோர் திறக்கும் வரை வடக்கில் பாஸ்போர்ட் எடுக்க எல்லோரும் வவுனியாவுக்குத்தான் வந்தார்கள், யாழ்ப்பாணத்தாரும். பொருளாதார நெருக்கடிக் காலத்தில் வவுனியாக் கந்தோர் வாசலில் பாய் போட்டுப் படுத்தவர்களை நான் பார்த்தேன். பாஸ்போர்ட் எங்கள் ஊரில், விமானம் அவர்கள் ஊரில் என்றிருந்தது. இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு யாழ்ப்பாண நண்பன் கேட்டான். பாஸ்போர்ட்டைத் தரமாட்டோம் என்றேன், தேநீர்க் கடைக்காரர்கள் அடிக்க வருவார்கள்.

கப்பலைப் பற்றிக் கேட்டவருக்கு: நாகபட்டினம்–காங்கேசன்துறை 2023 ஒக்டோபரில் தொடங்கி ஒரு கிழமையில் நின்று, 2024 ஓகஸ்டில் திரும்ப ஓடத் தொடங்கியது. பெட்டி அதிகம் என்றால் அது நல்லது. வாந்தி வருபவர்கள் யோசியுங்கள்.

28 ஜூன்

முல்லைத்தீவிலிருந்து ஒரு தங்கச்சி கேட்கிறார், கைக்குழந்தையோடு பலாலி போக எந்த வழி, எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று. கடைசியில் ஒரு பயனுள்ள கேள்வி.

புதுக்குடியிருப்பு, விசுவமடு, தருமபுரம் வழியாகப் பரந்தனுக்கு வாருங்கள், மாங்குளம் சுற்ற வேண்டாம். அங்கிருந்து ஆனையிறவு, பளை, கொடிகாமம், சாவகச்சேரி, கைதடி, கோப்பாய். நிற்காமல் ஓடினால் இரண்டரை மணித்தியாலம், குழந்தையோடு மூன்று. விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்னே வாசலில் நிற்கும்படி கணக்குப் பாருங்கள். கடைசி நேரத்தில் ஓடிப் பிடிக்க அங்கே இரண்டாவது விமானம் இல்லை. இந்த மாதங்களில் ஆனையிறவில் சோளகக் காற்று மண்ணை வாரி அடிக்கும், வான் கண்ணாடியைச் சாத்துங்கள். அதே காற்றில் சின்ன விமானம் இறங்கும்போது குலுக்கும், பயப்பட ஒன்றுமில்லை. இறங்கும்போது குழந்தைக்குப் பால் கொடுங்கள், காது அடைக்காது. பால்மாவையும் மாற்றுடுப்பையும் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் அல்ல. பெட்டியை வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். சந்தைத் தராசு வேண்டாம், அது எப்போதும் கடைக்காரன் பக்கம்தான்.

ஹயர் வேண்டுமென்றால் முல்லைத்தீவிலேயே பிடியுங்கள். நான் வவுனியாவிலிருந்து வெறும் வானோடு வந்தால் உங்களுக்குத்தான் நட்டம்.